சொகுசு கார் தன் அடையாளத்தை எங்கே தொலைத்தது? அளந்து கண்டுபிடிக்கும் முறை

புதிய மாடல் ஒன்று வெளிவந்ததும் 'இது பழைய பென்ஸ் மாதிரியே இல்லையே', 'ஜாகுவாரா இது?' என்ற பேச்சு கிளம்பும். அந்த உணர்வு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். காரணம் கேட்டால் மட்டும் எல்லோரும் கிரில்லையோ ஹெட்லைட்டையோ காட்டுவார்கள். ஒரு பிராண்டின் அடையாளம் முதலில் உடம்பின் விகிதத்தில் இருக்கிறது, அடுத்து ஜன்னலின் கோட்டில். கிரில்லும் லோகோவும் அதற்கப்புறம்தான். விகிதம் கைவிட்டுப் போன காரில்தான் கிரில் ஊதிப் பெரிதாகிறது. இழந்ததை முகத்தை வைத்து ஈடுகட்டப் பார்க்கிறார்கள். எங்கே, எவ்வளவு, ஏன் இழந்தது என்பதை ஒரு மாலை நேரத்தில் நீங்களே அளந்து பார்த்துவிடலாம்.

படம் சரியாக இல்லாவிட்டால் எல்லாமே தவறு

ஒப்பிட வேண்டிய பழைய காரும் புதிய காரும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். மெர்சிடிஸ் எஸ்-கிளாஸுக்கு அதே இடத்தில் விற்கப்படும் பெரிய செடான், பிஎம்டபிள்யூ 7 சீரிஸுக்கு 7 சீரிஸ். பழைய கூப்பேயை எடுத்துக்கொண்டு புதிய எஸ்யூவியோடு ஒப்பிட்டால் பழையதுதான் எப்போதும் ஜெயிக்கும். அதிலிருந்து எதுவும் தெரியவராது.

இரண்டுக்கும் நேர்ப் பக்கவாட்டுப் படம் வேண்டும். நிறுவனங்கள் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் படங்களிலேயே இது கிடைக்கும். நீங்களே எடுப்பதானால் 15 முதல் 20 மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து, கேமராவைச் சக்கரத்துக்கும் கதவுக் கைப்பிடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் பிடியுங்கள். மொபைலைக் கொண்டு பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் நடுப்பகுதி புடைத்தும் இரு முனைகளும் ஒடுங்கியும் தெரியும். அதில் அளந்தால் எந்தக் காரும் தொப்பை போட்டதாகத்தான் வரும்.

படம் சரியா என்று சோதிக்க இரண்டு வழிகள் போதும். சக்கரத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லை என்றால் கார் சாய்வாக நிற்கிறது. அடுத்து, காரின் அடியில் எதிர்ப்பக்கச் சக்கரங்கள் எட்டிப் பார்க்கின்றனவா என்று பாருங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று வெவ்வேறு அளவில் எட்டிப் பார்த்தால் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

அளவுகோல் அமைக்க வீல்பேஸ் எனப்படும் முன், பின் சக்கர மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பயன்படுத்துங்கள். இந்த எண் எல்லாக் கார்களுக்கும் வெளியிடப்பட்டிருக்கும். எஸ்-கிளாஸுக்கு இணையான மின்சாரக் காராக 2021-ல் வந்த மெர்சிடிஸ் ஈக்யூஎஸ்ஸின் வீல்பேஸ் 3,210 மி.மீ. படத்தில் அது 1,605 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 2 மி.மீ. இதே முறையில் பழைய காரின் படத்தையும் அதே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, இரண்டையும் பின் சக்கர மையத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். தாளில் செய்வதானால் டிரேசிங் தாளும் 0.5 மி.மீ. பென்சிலும் போதும்.

சக்கரத்தை அலகாக்குங்கள்

கார் வடிவமைப்பாளர்கள் மில்லிமீட்டரில் பேசுவதைவிடச் சக்கர அளவில்தான் அதிகம் பேசுவார்கள். 'இத்தனை சக்கர நீளம்' என்று சொன்னால் சின்னக் காரையும் பெரிய காரையும் ஒரே தராசில் நிறுத்தலாம். டயரின் வெளி விட்டத்தை டயர் எண்ணிலிருந்தே கணக்கிடலாம். 205/70 R14 என்றால் 205-ஐ 0.70-ஆல் பெருக்கி, இரண்டால் பெருக்கி, 14 அங்குலத்தை மில்லிமீட்டராக்கிக் கூட்ட வேண்டும். 287 + 356, ஆக 643 மி.மீ.

இந்த டயர் 1979-ல் வந்த எஸ்-கிளாஸ் டபிள்யூ126-ன் 500 எஸ்இ மாடலில் இருந்தது. அதன் வீல்பேஸ் 2,935 மி.மீ.; சக்கரக் கணக்கில் 4.56. 255/45 R20 டயர் போட்ட ஈக்யூஎஸ்ஸில் விட்டம் 738 மி.மீ.; சக்கரக் கணக்கில் 4.35. கிட்டத்தட்ட ஒன்றுதான். சக்கரத்தைக் காரின் உயரத்தோடு ஒப்பிட்டால் பழையதில் 0.45, 1,512 மி.மீ. உயரமுள்ள ஈக்யூஎஸ்ஸில் 0.49. அதாவது புதியதுதான் இன்னும் கம்பீரமான எண்ணைக் காட்டுகிறது!

இங்கே பலர் குழம்பிவிடுவார்கள். பெரிய சக்கரம், நீண்ட வீல்பேஸ் எல்லாம் இருந்தும் ஈக்யூஎஸ் ஏன் எஸ்-கிளாஸின் உறவுபோல் தெரியவில்லை? அடுத்த அளவில் விடை இருக்கிறது.

முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடைவெளி

இதைத்தான் 'டேஷ் டு ஆக்ஸில்' என்பார்கள். முன் சக்கர மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். முன் கதவின் முன் விளிம்பில் இன்னொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து சக்கர விட்டத்தால் வகுத்து எழுதி வையுங்கள். எல்லா அளவுகளிலும் ஒன்றை மட்டும்தான் எடுக்க நேரமிருக்கிறது என்றால் இதை எடுங்கள்.

காரணம் இயந்திரத்தில் இருக்கிறது. எஞ்சினை நீளவாக்கில் வைத்துப் பின் சக்கரங்களை இயக்கும் காரில், எஞ்சினின் பெரும்பகுதி முன் ஆக்ஸிலுக்குப் பின்னால் போக வேண்டும். அதனால் கதவு பின்னுக்குத் தள்ளப்படும். சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே ஒரு தகடு அகலமாகத் தெரியும். எஞ்சினைக் குறுக்கே வைத்து முன் சக்கரங்களை இயக்கும் காரில் கதவு விளிம்பு சக்கர வளைவை ஏறக்குறைய உரசிக்கொண்டு நிற்கும். பல பத்தாண்டுகளாக விலை உயர்ந்த கார்கள் பெரும்பாலும் முதல் வகை, சாதாரணக் கார்கள் இரண்டாம் வகை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் கண் அந்தத் தகட்டின் அகலத்தில் 'பெரிய கார்' என்பதைப் படித்துப் பழகிவிட்டது.

அடுத்து ஏ-பில்லரின் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) சாய்வைக் கீழ்நோக்கி நீட்டுங்கள். டபிள்யூ126 போன்ற காரில் அந்தக் கோடு முன் சக்கர மையத்தை ஒட்டியோ அதற்குப் பின்னாலோ இறங்கும். ஈக்யூஎஸ்ஸில் கண்ணாடி முன்னேறி வந்துவிட்டதால் கோடு சக்கரத்தைத் தாண்டி முன்னே விழும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே வில்லாக வளைத்ததால் காற்றுத்தடை எண் 0.20 கிடைத்தது. பொறியியலாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் பானெட், கூரை, டிக்கி என்று மூன்று பெட்டியாக நின்ற எஸ்-கிளாஸின் உருவம் அந்த வில்லுக்குள் கரைந்துபோனது. அதன் பானெட்டை உரிமையாளர் திறப்பதற்கில்லை. கண்ணாடி கழுவும் நீரைக்கூடப் பக்கவாட்டுத் தகட்டில் உள்ள சிறு மூடி வழியாகத்தான் ஊற்ற வேண்டும். பானெட்டின் வேலை போனது, கூடவே உருவமும் போனது.

எதிர்ப்பக்க உதாரணம் ஜாகுவார் எக்ஸ்-டைப், 2001. வட்ட விளக்குகள் நான்கு, வரிவரியாக மேடிட்ட பானெட், குரோம் கிரில் எல்லாம் ஜாகுவார் மரபுப்படியே இருந்தன. அடியில் இருந்ததோ ஃபோர்டு மாண்டியோவின் அடித்தளம், குறுக்கே வைத்த எஞ்சின். முகம் ஜாகுவார், உடம்பு வேறு. முகத்தை எவ்வளவு அக்கறையாக நகலெடுத்தாலும் கண்ணை ஏமாற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. காடிலாக் இதையே 20 ஆண்டு முன்பே செய்து சூடுபட்டிருந்தது: 1982-ன் சிமரான், ஷெவர்லே கேவலியரோடு ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்த சின்னக் கார்; மேலே காடிலாக் சின்னம்.

ஜன்னல் கோடு

பக்கக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே உருவமாகக் கோடு போட்டு, உள்ளே கறுப்பு நிரப்புங்கள். காரின் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்தக் கறுப்பு உருவத்தை மட்டும் பாருங்கள். நல்ல பிராண்டுகளின் பழைய கார்களை இதைக் கொண்டே பெயர் சொல்லலாம்.

பிஎம்டபிள்யூவின் பின் ஜன்னல் அடியில் முன்னோக்கி மடங்கும் வளைவு 1961-ல் 1500 செடானிலும் 3200 சிஎஸ்ஸிலும் வந்தது. அப்போதைய வடிவமைப்புத் தலைவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டரின் பெயரால் அது ஹோஃப்மைஸ்டர் வளைவு எனப்படுகிறது. அந்த மடிப்பு சி-பில்லரின் (பின் ஜன்னலுக்குப் பின்னால் உள்ள தூண்) அடியை அகலமாக்கி, பாரம் பின் சக்கரத்தின் மேல் அமர்ந்திருப்பதாகக் காட்டும். பின் சக்கர இயக்கத்தை உலோகத்தில் சொன்ன கோடு அது. 2019-ன் 3 சீரிஸில் (ஜி20) அந்த மடிப்பு கண்ணாடியிலிருந்து விலகி, பில்லரை ஒட்டிய அலங்காரப் பட்டைக்குள் போய்விட்டது. கறுப்பு நிரப்பிப் பார்த்தால் அது எவ்வளவு மங்கிவிட்டது என்று உடனே தெரியும். எது கண்ணாடி, எது கறுப்பு பிளாஸ்டிக் என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் கறுப்புத் துண்டுகளைக் கண்ணாடி என்று எண்ணிவிடுவதுதான் இந்தச் சோதனையில் அடிக்கடி நேரும் பிழை.

இன்னொரு அளவு: கண்ணாடியின் உயரத்தையும் அதற்குக் கீழே உள்ள உடம்பின் உயரத்தையும் முன் கதவின் நடுவில் அளங்கள். பழைய சொகுசு செடான்களில் ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு. புதியவற்றில் கண்ணாடி குறுகி, கதவுத் தகடு சுவர்போல் எழும்பியிருக்கும். 1994-ன் 7 சீரிஸ் (ஈ38) 1,435 மி.மீ. உயரம், 2022-ன் 7 சீரிஸ் (ஜி70) 1,544 மி.மீ. கூடிய 109 மி.மீ.-ஐ மறைக்கத்தான் 20, 21 அங்குலச் சக்கரங்கள் தேவைப்படுகின்றன. 235/60 R16 டயரோடு ஈ38-ன் சக்கரம் உயரத்தில் 0.48, 255/45 R20 டயரோடு ஜி70-லும் 0.48. விகிதத்தைக் காப்பாற்றச் சக்கரத்தைப் பெருக்க, சக்கரத்துக்கேற்ப எல்லாமே பெருத்து, ஈ38-ல் இருந்த மெலிவு போயிற்று.

முகம்

நேர் முன்பக்கப் படத்தை 60 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். பிறகு லோகோவை மட்டும் அழித்துப் பாருங்கள். மூன்றாவதாக, கிரில்லையும் விளக்குகளையும் சாம்பல் நிறத்தால் மூடிவிட்டு எஞ்சியதைப் பாருங்கள். மூன்றாவது சோதனைதான் கடினம், அதுதான் உண்மையைச் சொல்லும். 1968-ன் ஜாகுவார் எக்ஸ்ஜேயில் விளக்கை மூடினாலும் பானெட்டின் மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு விளக்கின் பின்னால் தொடங்கி ஓடுவது தெரியும். விளக்கு வட்டமாக இருந்ததால் மேடு பிறந்தது. 2009-ன் எக்ஸ்ஜேயில் விளக்குகள் நீண்ட கண்களாக மாறியதும் அந்த மேடுகளுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. ஒரு அம்சத்தை நீக்கும்போது அதைச் சார்ந்து எது நின்றது என்று தேடுங்கள். இழப்பின் உண்மையான அளவு அப்போதுதான் தெரியும்.

கிரில்லின் அகலத்தைக் காரின் அகலத்தாலும், அதன் உயரத்தைத் தரையிலிருந்து பானெட் விளிம்பு வரையுள்ள உயரத்தாலும் வகுத்து எழுதுங்கள். 2019-ல் 7 சீரிஸை மேம்படுத்தியபோது சிறுநீரக வடிவ கிரில் சுமார் 40 சதவீதம் பெரிதானது. 2020-ன் 4 சீரிஸில் அது பம்பர்வரை செங்குத்தாக இறங்கியது. 'பழைய பிஎம்டபிள்யூவிலும் உயரமான கிரில்தானே' என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான்: 1933-ன் 303-லும் 1936-ன் 328-லும் கிரில் உயரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கார்களில் முகமே ஒடுக்கம். நிமிர்ந்த ரேடியேட்டரின் வாசலாக கிரில் நின்றது, இருபுறமும் சக்கரங்களை மூடும் தனி ஃபெண்டர்கள் விலகி ஓடின. இன்று அதே உயரத்தை அகன்ற, தட்டையான முகத்தில் ஒட்டினால் முன்னோரின் சாயல் வராது. மரபைச் சான்றாகக் காட்டும்போது அந்த உறுப்பைச் சுற்றி இருந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பின்பக்கத்தை இருட்டில் பாருங்கள். இருபுற விளக்கையும் இணைக்கும் நீண்ட ஒளிக்கோடு இப்போது பிராண்டு பேதமில்லாமல் பரவிவிட்டது. விளக்கு எரியும்போது யாருடையது என்று சொல்ல முடியாத கார்கள் பெருகிவிட்டன. இதற்கு மாறாக வால்வோ, 1993-ன் 850 எஸ்டேட்டில் (கூரை டிக்கிவரை நீளும் கார்) கொண்டுவந்த, பின் தூணை ஒட்டிய உயரமான விளக்கை இன்றுவரை எஸ்டேட்களிலும் எஸ்யூவிகளிலும் விடாமல் வைத்திருக்கிறது. தூரத்திலிருந்தே தெரிகிறது.

காரணத்தைப் பிரித்தெடுத்தல்

இழப்புகளைப் பட்டியலிட்ட பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும் காரணம் எழுதுங்கள். சட்டம், காற்றியல், அடித்தளப் பகிர்வு, பேட்டரி, வெறும் விருப்பம்: பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். சட்டத்தின் மேல் பழிபோடுவது எளிது என்பதால் அதைக் கடைசியில் ஒப்புக்கொள்ளுங்கள்.

பாதசாரிப் பாதுகாப்பு விதிகள் ஐரோப்பாவில் 2005 முதல் புதிய மாடல்களுக்கு நடைமுறைக்கு வந்தன. மோதியவரின் தலை பானெட்டில் படும்போது தகடு அமுங்க இடம் வேண்டும். அடியில் கடினமான எஞ்சின் உடனே தட்டக்கூடாது. ஆகவே பானெட் உயர்ந்தது, மூக்கு மொத்தையானது. வெளிப்புறப் பாகங்களின் விளிம்புக்கு 2.5 மி.மீ.-க்குக் குறையாத வளைவு வேண்டும் என்ற விதியால் கத்திமுனைக் கோடுகளும் குறைந்தன. பானெட் மேல் நிற்கும் சின்னம் மோதினால் மடங்கவோ உள்ளே இறங்கவோ வேண்டும்.

ஆனால் இதே விதிகளுக்கு உட்பட்டு 2006-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே தாழ்ந்த மூக்கோடுதான் வந்தது. மோதலை உணர்ந்த கணத்தில் சிறு வெடிமருந்து விசையால் பானெட்டின் பின்பகுதியை மேலே தூக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. செலவு கூடுதல், உருவம் தப்பியது. ரோல்ஸ்-ராய்ஸின் சிறகு விரித்த சிலையும் 1911 முதல் இருக்கிறது, இப்போது தொட்டால் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே சோதனை இதுதான்: அதே ஆண்டில், அதே கட்டுப்பாட்டில், அதைக் காப்பாற்றிய இன்னொரு கார் இருக்கிறதா? இருந்தால் காரணம் சட்டமில்லை. பணமோ விருப்பமோதான்.

மின்சாரக் காரென்றாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். தரைக்கடியில் பேட்டரி வைப்பதால் உட்காரும் இடமும் கூரையும் உயர்வது தவிர்க்க முடியாதது. நீண்ட பானெட் போக வேண்டும் என்பது மட்டும் தவிர்க்க முடியாததல்ல. 2023-ன் ரோல்ஸ்-ராய்ஸ் ஸ்பெக்டர் மின்சாரக் கார்தான். நீண்ட பானெட், 23 அங்குலச் சக்கரம், நிமிர்ந்த கிரில் எல்லாவற்றோடும் காற்றுத்தடை 0.25. சக்கரம் காரின் உயரத்தில் பாதி என்ற பழைய வழக்கத்தை 2003-ன் ஃபேன்டம் 790 மி.மீ. டயரும் 1,632 மி.மீ. உயரமுமாகப் பின்பற்றியது, அந்த வழியைத்தான் ஸ்பெக்டரும் எடுத்துக்கொண்டது. ஈக்யூஎஸ்ஸின் 0.20-க்கும் இந்த 0.25-க்கும் உள்ள வித்தியாசம், அடையாளத்தைக் காப்பதற்குக் கொடுத்த விலை. எதை விட்டு எதைப் பெற்றார்கள் என்பதை நேர்மையாக இரண்டு எண்ணாகவும் எழுதுங்கள்.

மாற்றம் வேறு, இழப்பு வேறு

இந்த வேலையில் பெரிய ஆபத்து, பழசெல்லாம் நல்லது என்று முடித்துவிடுவது. டபிள்யூ126 வந்தபோது மரபை உடைத்த கார் அது. மெர்சிடிஸின் கனத்த குரோம் பம்பர்களை எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் பம்பரும் கீழ்ப்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக் பட்டையும் கொண்டுவந்தது. ஆனாலும் பார்த்ததும் எஸ்-கிளாஸ். ஏனெனில் பானெட்டின் நீளமும் கூரையின் அமர்வும் கை வைக்கப்படாமல் இருந்தன. தூசு படிந்தாலும் ஒளி தெரியவேண்டும் என்று 1970-களில் உருவான வரிவரியான பின்விளக்கும் தொடர்ந்தது.

அதை வடிவமைத்த குழுவின் தலைவர் புருனோ சாக்கோ இரண்டு அளவுகோல்கள் வைத்திருந்தார். புதிய மாடல் தன் முந்தைய தலைமுறையைப் பழசாக்கிக் காட்டக்கூடாது. ஒரே காலத்தில் விற்கும் மாடல்கள் அனைத்தும் ஒரு குடும்பமாகத் தெரிய வேண்டும். உங்கள் ஒப்பீட்டை இந்த இரண்டு திசைகளிலும் செய்யுங்கள். முன் தலைமுறையை ஒருபுறம், சகோதர மாடல்களை மறுபுறம் வைத்துப் பாருங்கள். இரண்டாவது திசையில் மட்டும் ஒற்றுமை இருந்து முதல் திசையில் அறுந்திருந்தால், அந்த நிறுவனம் பழைய அடையாளத்தை விட்டுப் புதியதொன்றைத் தொடங்கியிருக்கிறது. இரண்டிலும் ஒற்றுமை மிஞ்சிப்போனால் வேறு கோளாறு: பெரியதும் சின்னதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகி, விலை உயர்ந்த மாடலின் மதிப்பு கரையும்.

உள்பக்கத்துக்கும் சில நிமிடம் கொடுங்கள். எல்லாத் திரைகளையும் அணைத்த நிலையில் டேஷ்போர்டின் படத்தை எடுத்துப் பாருங்கள். 141 செ.மீ. அகலமுள்ள ஈக்யூஎஸ் திரைப்பட்டை அணைந்தால் மிச்சமிருப்பது கறுப்புக் கண்ணாடி. பென்ட்லி கான்டினென்டல் ஜிடியின் மூன்றாம் தலைமுறையில் திரை ஒரு முக்கோண உருளையின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. உருட்டினால் மரப்பலகை வரும், மறுபடி உருட்டினால் மூன்று முள்மானிகள் வரும். திரையும் வேண்டும், மரபும் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

மேம்படுத்திய பதிப்பு வந்ததும் மறுபடி அளங்கள்

இழந்ததை நிறுவனங்களே உணர்ந்து திரும்பக் கொண்டுவருவதும் உண்டு. 1997-ல் வந்த போர்ஷே 911 (996), விலை குறைந்த பாக்ஸ்டரோடு முகத்தையும் ஹெட்லைட்டையும் பகிர்ந்தது. இண்டிகேட்டரும் சேர்ந்து ஒழுகியதுபோன்ற அந்த விளக்கை ரசிகர்கள் ஏற்கவில்லை. 2004-ன் 997-ல் வட்ட விளக்கு திரும்பியது. 996-ன் விகிதம் 911-ஆகவே இருந்ததால் விளக்கை மாற்றியதும் பழைய முகம் கூடிவந்தது.

2024-ல் ஈக்யூஎஸ்ஸுக்கும் பானெட் மேல் நிமிர்ந்த நட்சத்திரமும் குரோம் பட்டைகள் கொண்ட கிரில்லும் கொடுக்கப்பட்டன. முதலில் வரைந்த டிரேசிங் தாளை எடுத்து அந்தப் புதிய படத்தின் மேல் வையுங்கள். ஏ-பில்லர் கோடு இன்னும் அதே இடத்தில், முன் சக்கரத்தைத் தாண்டித்தான் விழுகிறது.